எடை மேடை நிற்காமல் அப்டேட்: மாங்கூழ் ஆலையில் கற்றது

கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட எது நல்ல நேரம் என்று யாரைக் கேட்டாலும் நடுராத்திரி என்பார்கள். கிருஷ்ணகிரி பக்கத்தில் நான் பராமரிக்கும் மாங்கூழ் ஆலைக்கு ஜூன் மாதம் நடுராத்திரியில் வந்து பாருங்கள். கேட்டிலிருந்து ரோடு வரை டிராக்டரும் ஈச்சரும் டாடா ஏஸும் வரிசை கட்டி நிற்கும். பர்கூர், மத்தூர், சந்தூர், காவேரிப்பட்டணம், வேப்பனப்பள்ளி என்று சுற்றுவட்டாரம் முழுக்க பெங்களூரா ரக மாங்காய் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றுகிறது. பகலெல்லாம் பறித்து லோடு ஏற்றி, பொழுது சாய்ந்து கிளம்பி வருகிற வண்டிகள் அவை. அந்த நேரத்தில் எடை மேடைக் கம்ப்யூட்டர் அரை மணி நேரம் நின்றால், ரோட்டில் நிற்கிற விவசாயிக்குத் தூக்கம் போகிறது, வண்டி வாடகை ஏறுகிறது, உள்ளே மெஷினுக்குக் காய் போய்ச் சேராமல் ஷிப்டு ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அதனால் அந்த ஆலையில் அப்டேட் நேரம் காலை ஒன்பதரை. டவுன்டைம் என்பதை கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிற நிமிஷக் கணக்கில் நான் பார்ப்பதில்லை. எடை மேடையில் வண்டி எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதுதான் கணக்கு. நாற்பது நிமிஷம் கம்ப்யூட்டர் நின்று, அந்த நாற்பது நிமிஷத்தில் ஒரு வண்டியும் வரவில்லை என்றால் டவுன்டைம் பூஜ்யம். ஐந்து நிமிஷம் நின்று இருபது வண்டி காத்திருந்தால் அது பெரிய டவுன்டைம். இதைப் புரிந்துகொண்ட பிறகு வேலையின் பாதி, வேலை நடக்கிற இடத்தின் நேரத்தைத் தெரிந்துகொள்வதாக மாறிவிட்டது.

தெரிந்துகொள்ள ஊகம் தேவையில்லை. எடை போட்ட ஒவ்வொரு வண்டிக்கும் தேதியும் நேரமும் டேட்டாபேஸில் இருக்கிறது. போன சீசன் பதிவுகளை எடுத்து, மணிவாரியாக எத்தனை வண்டி என்று எண்ணினேன். இரவு வந்த வண்டிகளெல்லாம் காலி செய்து திரும்பிய பிறகு, காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தான் மேடை ஓய்ந்திருந்தது. பகலில் செய்வதில் இன்னொரு நன்மை: எடை மேடை சாப்ட்வேர் கொடுத்தவர் போனை எடுப்பார். கேபிள், கன்வர்ட்டர் எது பழுதானாலும் டவுனில் கடை திறந்திருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு, கருவிகளை இயக்கும் டிரைவர் சாப்ட்வேர் ஒன்று தகராறு செய்தால் நாம் தனியாள்.

பகலுக்கென்று ஒரு எதிரியும் உண்டு, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். எந்தத் துணை மின்நிலையத்துக்கு என்றைக்கு என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். அதைப் பார்க்காமல் நான் தேதி குறிப்பதில்லை. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற இடைவெளியைத் தாங்க வேண்டியது யூ.பி.எஸ். பேட்டரி. அது மூன்று வருஷப் பழசாக இருந்தால் விளக்கு மட்டும் பச்சையாக எரியும், லோடு தாங்காது. அப்டேட்டுக்கு முந்தின நாளே, வேலையில்லாத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் தாங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பாதி அப்டேட்டில் கரண்ட் போன விண்டோஸ் பல சமயம் தானே மீண்டு வரும், சில சமயம் வராது. அதுவே பயாஸ் (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டாக இருந்தால் மதர்போர்டே போகலாம். இப்போதெல்லாம் விண்டோஸ் அப்டேட் வழியாகவே பயாஸ் அப்டேட்டும் வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஆகவே பட்டியலை வாசிக்காமல் ரீஸ்டார்ட் கொடுக்கக் கூடாது. சீசனில் பயாஸ் பக்கமே நான் போவதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஆலை மேனேஜர் ஒருமுறை சொன்னார்: "எதுக்கு தம்பி இந்த வம்பு? ஓடற வண்டிய எதுக்கு நிறுத்தறீங்க? ஆகஸ்ட் முடியட்டும், மொத்தமா எல்லாத்தையும் போட்டுடலாம்." சீசன் காலத்தில் அவர் மேல் இருக்கிற சுமை எனக்குத் தெரியும், அந்தப் பேச்சில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அவரிடம் இரண்டு தேதிகளைச் சொன்னேன். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் வெளியிட்டது. அதே வருஷம் மே 12ஆம் தேதி, அந்த அப்டேட் அடைத்த அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற மால்வேர் நுழைந்து, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. நடுவில் இருந்தது இரண்டு மாதம். மருந்து கைக்கு வந்தும் சாப்பிடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். மே மாதத்தில் இங்கே சீசன் தொடங்குகிறது, ஆகஸ்ட் வரை எதையும் தொடாமல் இருப்பதென்றால் கதவைத் திறந்து போட்டுவிட்டு மூன்று மாதம் வியாபாரம் செய்வது என்று அர்த்தம். நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர் விழுந்தால் எடை மேடையும் கணக்கும் சேர்ந்தே விழும். அன்றைக்கு எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி என்பதே தெரியாது.

"அப்ப போடாமயும் இருக்கக் கூடாது, போட்டாலும் நிக்கக் கூடாது" என்றார். அதேதான். அதிலிருந்துதான் நாங்கள் ஒரு பிரிவினை செய்துகொண்டோம். சீசனில் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் மட்டும். விண்டோஸ் 10இலிருந்து 11க்குப் போவது, புது வெர்ஷன், டிரைவர் மாற்றம், பயாஸ், டேட்டாபேஸின் பெரிய வெர்ஷன் மாற்றம் எல்லாம் சீசன் முடிந்த பிறகு. தை, மாசியில் ஆலை ஓய்ந்திருக்கும். மெஷின்களைப் பிரித்துச் சுத்தம் செய்யும் அதே வாரங்கள்தான் எங்களுக்கும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் வேறொரு எடை மேடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிரானைட் லாரிகள் வரிசையில் நின்றபோது கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகி அப்டேட் திரையில் போய் நின்றது. உடனே வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் ஆபரேட்டர் பயத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு, திரும்பப் போட்டு, மறுபடி அணைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கும்போது யாருக்கும் பொறுமை இருக்காது. அங்கே போட்டிருந்தது விண்டோஸ் ஹோம். தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரத்தைக் குறிக்கும் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற அமைப்பில் அதிகபட்சம் 18 மணி நேரம்தான் குறிக்க முடியும். இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் இடத்துக்கு அது போதாது. ஹோம் பதிப்பில் அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம், ஒரு தடவைக்கு 35 நாள் வரை. அதற்குப் பிறகு போட்டே ஆக வேண்டும், அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இல்லாமல் போகலாம். ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசி இருக்கிறது. "டவுன்லோடு செய்து வை, ஆனால் போடுவதற்கு முன் என்னைக் கேள்" என்று அதில் சொல்லிவிடலாம். மாதாந்திர அப்டேட்டை 30 நாள் வரை, வெர்ஷன் மாற்றத்தை 365 நாள் வரை தள்ளியும் வைக்கலாம். எடை மேடை, பில்லிங் கவுண்டர் மாதிரி இடத்துக்கு ப்ரோ வாங்கச் சொல்லி நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இனி மாதக் காலண்டர். மைக்ரோசாப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது, 2003 அக்டோபரிலிருந்து இதுதான் வழக்கம். நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை மணி, அமெரிக்காவில் குளிர்காலமானால் பதினொன்றரை. ஆக, நம் ஊருக்குப் புதன்கிழமை காலை வருகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது செவ்வாய் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் நடுவில்தான் விழும். கணக்குப் பிரிவுக்கு 11ஆம் தேதி ஜி.எஸ்.டி. விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-1 கடைசி நாள், 20ஆம் தேதி வரிக் கணக்குப் படிவமான 3பி. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களின் கம்ப்யூட்டரை இந்த இரண்டு தேதிக்கு முந்தின நாள் தொட்டால் நமக்குக் கிடைக்கும் வசவு நியாயமானதே. பன்னிரண்டு தேதிக்கு மேல் பதினெட்டுக்குள் அமைந்தால் நல்லது, இல்லாவிட்டால் 21க்குப் பிறகு.

வெளிவந்த அன்றே எல்லாவற்றிலும் போடுவதும் ஆபத்து. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 வெர்ஷன் மாற்றம் சிலருடைய கம்ப்யூட்டரில் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களில் இருந்த கோப்புகளையே அழித்தது. சில நாளில் அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பர் 13 அன்று மறுபடி வெளியிட்டார்கள். பொறுத்திருந்தவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. 2024 ஜூலை 19ஆம் தேதி நடந்தது ஆபரேட்டிங் சிஸ்டம் அப்டேட் அல்ல, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு சிறிய கோப்பு. நம் நேரப்படி காலை 9.39க்கு வெளியானது, 10.57க்குத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த 78 நிமிஷத்தில் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. பலவற்றை ஒவ்வொன்றாக ஆள் போய் சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. கோப்பில் தவறு இருந்தது ஒரு பக்கம். ஒரே மூச்சில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போனதுதான் அதைப் பேரிடர் ஆக்கியது.

ஆகவே நான் போகும் வரிசை இது. புதன்கிழமை என் லேப்டாப்பிலும், ஆலை ஆபீசில் கடிதம் டைப் செய்யும் கம்ப்யூட்டரிலும் போடுவேன். அந்தக் கம்ப்யூட்டரை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். மெயிலும் பிரவுசரும் அதில்தான் அதிகம், ஆகவே ஆபத்தும் அதற்குத்தான் முதலில். நின்றாலும் ஆலை நிற்காது. விண்டோஸ் ரிலீஸ் ஹெல்த் என்று மைக்ரோசாப்ட்டின் பக்கம் ஒன்று இருக்கிறது, தெரிந்த கோளாறுகளை அவர்களே அதில் எழுதுகிறார்கள். அந்த வாரம் முழுக்க அதைப் பார்ப்பேன். இந்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிடும் எச்சரிக்கைகளையும் பார்ப்பேன். ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுகிற ஓட்டை என்று தெரிந்தால் பொறுமையைக் குறைத்துக்கொள்வேன். இல்லையென்றால் அடுத்த வாரம்தான் கணக்குப் பிரிவு, அதற்கும் பிறகு எடை மேடை.

எடை மேடையில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கின்றன. செலவு செய்ததில் உருப்படியான செலவு அந்த இரண்டாவது கம்ப்யூட்டர்தான் என்பேன். பழையதுதான், ஆனால் அதே சாப்ட்வேர், அதே பிரிண்டர் டிரைவர், அதே தமிழ் எழுத்துரு போட்டுத் தயாராக நிற்கிறது. எடைப் பதிவுகள் சர்வரில் இருப்பதால் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அதே கணக்குத்தான் தெரியும். முதலில் ஓய்வில் இருக்கும் கம்ப்யூட்டரில் அப்டேட் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, சோதித்து, தயார் என்று தெரிந்த பிறகு எடையைக் காட்டும் கருவியான இண்டிகேட்டரிலிருந்து வரும் கேபிளையும், சாப்ட்வேர் உரிமத்துக்காகச் செருகும் டாங்கிளையும் அதற்கு மாற்றுகிறோம். மேடை நிற்பது கேபிள் மாற்றுகிற நேரம் மட்டும். இரண்டு மூன்று நாள் இரவு லோடு எல்லாம் அதில் ஓடிய பிறகுதான் மற்றதைத் தொடுவேன். அதுவரை அது பழைய நிலையிலேயே, தேவைப்பட்டால் திரும்பிப் போக இடமாக இருக்கும். பெரிய டேட்டா சென்டர்களில் ஒரு சர்வரை விலக்கி அப்டேட் போட்டு, அது வந்ததும் அடுத்ததை விலக்குகிறார்களே, அதே முறைதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று காம் போர்ட், அதாவது இண்டிகேட்டரோடு பேச கம்ப்யூட்டர் எண் போட்டு வைத்திருக்கும் வாசல். இண்டிகேட்டர் சீரியல் கேபிளில் பேசுகிறது, புதுக் கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் இல்லாததால் யூ.எஸ்.பி. கன்வர்ட்டர் போடுகிறோம். கன்வர்ட்டரை வேறு யூ.எஸ்.பி. துளையில் செருகினாலோ, டிரைவர் மாறினாலோ விண்டோஸ் அதற்குக் காம் 3க்குப் பதிலாகக் காம் 5 என்று புது எண் கொடுத்துவிடும். சாப்ட்வேர் காம் 3இல் காத்துக்கொண்டே இருக்கும், திரையில் எடை பூஜ்யம். எடை மேடையே பழுது என்று நினைத்து மேடையின் எடை உணரும் பாகமான லோடுசெல்லைச் சரிபார்க்கும் ஆளைக் கூப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு அமைப்பில் எண்ணை மாற்றி நிலையாக்கலாம். யூ.எஸ்.பி. துளையில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து, இதில் மட்டும்தான் செருக வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். விலை மலிவான கன்வர்ட்டர்கள் சிலவற்றில் இருக்கும் நகல் சிப்பைப் புது டிரைவர் ஏற்க மறுக்கும். ஆகவே டிரைவர் அப்டேட் விண்டோஸ் அப்டேட்டோடு தானாக வராதபடி பாலிசியில் அடைத்துவிட்டேன், ஓடுகிற டிரைவரின் பிரதி ஒன்று பென்டிரைவில் இருக்கிறது.

முந்தின நாளே டவுன்லோடு முடிந்துவிட வேண்டும். ஒரே லைனில் ஆபீசில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் இழுத்தால் இ-வே பில் போடுகிறவர் கத்துவார். விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷனை உள் நெட்வொர்க்குக்கு மட்டும் என்று வைத்தால், ஒரு கம்ப்யூட்டர் இறக்கியதை மற்றவை அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும். சி டிரைவில் 20 ஜி.பி.யாவது காலியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். புது லேப்டாப்புகளில் நமக்கே தெரியாமல் டிஸ்க் என்கிரிப்ஷன் இயங்கிக்கொண்டிருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நின்றுவிடும். அந்த எண் இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் போனதுதான். எங்கள் கம்ப்யூட்டர்களின் ரெக்கவரி கீ அனைத்தும் அச்சடித்து முதலாளி வீட்டு பீரோவில் இருக்கிறது.

பேக்கப் எடுத்தோம் என்று சொன்னால் மட்டும் போதாது. திரும்ப ஏற்றிப் பார்த்த பேக்கப்தான் பேக்கப். சர்வரின் டேட்டாபேஸ் நகலை எடுத்து, ஓய்வில் இருக்கிற இரண்டாவது கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றைய கடைசிச் சீட்டு எண் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அதோடு, சர்வர் வர்ச்சுவல் மெஷினாக (ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டராக) ஓடுவதால், டேட்டாபேஸை நிறுத்திவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடி நிலையின் முழுப் பதிவு. ஸ்னாப்ஷாட் பற்றிப் பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. பத்து மணிக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம், பத்தரைக்கு அப்டேட் முடிகிறது, பதினொன்றிலிருந்து வண்டிகள் எடை போடுகின்றன, பன்னிரண்டுக்கு ஏதோ கோளாறு தெரிகிறது. அப்போது ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அந்த ஒரு மணி நேர எடைச் சீட்டுகள் எல்லாம் போய்விடும். திரும்பிப் போகும் வழிக்கு ஒரு காலக்கெடு உண்டு, முதல் வண்டி மேடை ஏறியதும் அது முடிந்துவிடுகிறது. அதனால் பத்தே முக்காலை எல்லையாக வைத்திருக்கிறேன். அதற்குள் எல்லாம் சரியென்று உறுதியாகவில்லை என்றால், "இன்னும் அஞ்சு நிமிஷம் பார்க்கலாம்" என்ற பேச்சே கிடையாது, பழைய நிலைக்குத் திரும்பிவிடுவோம். எல்லையை முதல் நாளே குறித்து மேனேஜரிடம் சொல்லிவிடுவதால் அந்த நேரத்தில் யாரும் விவாதம் செய்வதில்லை.

நிறுத்துவதற்கு முன் இன்னொரு வேலை. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு எடை உண்டு: உள்ளே வரும்போது லோடு எடை, காயைக் கொட்டிவிட்டுப் போகும்போது காலி எடை. லோடு எடை மட்டும் போட்டு உள்ளே நிற்கிற வண்டி இருக்கிறதா என்று யார்டில் நடந்து போய்ப் பார்ப்போம். இருந்தால் அதன் எண்ணையும் எடையையும் கையால் எழுதி வைப்போம். நடுவில் அவசரமாக ஒரு வண்டி வந்துவிட்டால்? கம்ப்யூட்டர் நின்றாலும் இண்டிகேட்டர் நிற்காது, எடை அதில் சிவப்பு எழுத்தில் தெரிந்துகொண்டுதான் இருக்கும். வரிசை எண் அச்சடித்த கைச்சீட்டுப் புத்தகம் ஒன்று மேசை டிராயரில் இருக்கிறது. அதில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு அதே வரிசையில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். விவசாயிக்குப் பணம் அந்தச் சீட்டை வைத்துத்தான். அதில் ஒரு கிலோ பிசகினாலும் ஆலையின் பெயர் போகும் என்பதை எடை மேடையில் உட்காருகிற அக்கா என்னைவிட நன்றாக அறிந்தவர்.

சோதனையும் அவர் கையில்தான். விண்டோஸ் திறந்துவிட்டது, நெட் வருகிறது என்பதோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. ஆலை ஜீப்பையே மேடையில் ஏற்றி, எடை போட்டு, சீட்டு அடித்து, பழைய சீட்டு ஒன்றை மறுபடி அச்செடுத்து, தேதி நாள்-மாதம்-வருஷம் என்று வருகிறதா, தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாக மாறாமல் வருகிறதா என்று பார்ப்பார். ஒரு தடவை அவர்தான் கண்டுபிடித்தார்: "அண்ணா, சீட்டு லேசர் பிரிண்டர்ல போகுதுண்ணா, நம்ம டாட் மேட்ரிக்ஸ்ல வரல." கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே டீஃபால்ட்டாக வைத்துக்கொள்ளும் அமைப்பு விண்டோஸில் உண்டு, அது இயங்கிக்கொண்டிருந்தது. அணைத்ததும் சரியாகிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு வரிசைக்கு நடுவில் தெரிந்திருந்தால் எவ்வளவு பதற்றமாகியிருக்கும்! நாள் முழுக்க அந்தத் திரையில் வேலை செய்கிறவர் சரி என்று சொல்லும் வரை அப்டேட் முடியவில்லை என்பதே எங்கள் வழக்கம்.

சர்வரில் ஓடுவது உபுண்டு, லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம். லினக்ஸில் அப்டேட் போட ரீஸ்டார்ட் தேவையில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது அரை உண்மை. கோப்பு மாறிவிடும், ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் நினைவில் வைத்திருக்கும் பழைய லைப்ரரியோடுதான், அதாவது பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்போடுதான், தொடரும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும் வரை ஓட்டை திறந்தே இருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல் மாறினால் மெஷினையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். லைவ்பேட்ச் என்ற வசதி கர்னலின் முக்கியமான ஓட்டைகளை ஓடும்போதே அடைக்கும், ஆனால் அதுவும் காலம் வாங்கித் தருவதுதான், ஒருநாள் ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி எந்தெந்தச் சர்வீஸ் பழையதில் ஓடுகிறது என்று பட்டியல் தரும். ரீஸ்டார்ட் தேவை என்றால் வார் ரன் (/var/run) போல்டரில் அதற்கென்று ஒரு கோப்பு வந்து உட்காரும்.

உபுண்டுவில் பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாகவே ஏறும்படி அமைப்பு இருக்கிறது. அதன் டைமர் காலை ஆறு மணி, அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிஷம். இந்த ஆலையில் ஆறு மணி ஷிப்டு மாறும் நேரம். டேட்டாபேஸ் அப்டேட் வந்தால் அந்தச் சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும், எடை மேடையின் தொடர்பு ஒரு கணம் அறுந்து சாப்ட்வேர் பிழை காட்டும். டைமரைக் காலை பத்துக்கு மாற்றினேன், டேட்டாபேஸ் பேக்கேஜைத் தானாக ஏறாதபடி பிடித்து வைத்து அதை மட்டும் நானே போடுகிறேன். அப்டேட் நடுவில் அமைப்புகள் எழுதிய கன்ஃபிக் கோப்பை மாற்றட்டுமா என்று கேட்டால், இருப்பதையே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, புதியதைப் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பேன். புது கர்னலில் எழவில்லை என்றால் மெஷின் எழும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னல் காத்திருக்கும், அதில் எழுப்பலாம். அதற்கு, கர்னல்கள் இருக்கும் பூட் பார்டிஷன் நிரம்பாமல் இருக்க வேண்டும். ஓசூரில் இருந்தபடி நெட் வழியாகச் செய்வதாக இருந்தால் டீமக்ஸ் என்ற கருவிக்குள்தான் ஓட்டுவேன், நெட் அறுந்தாலும் வேலை பாதியில் நிற்காது. அப்போதும் ஆலையில் ஒருவர் சர்வர் பக்கத்தில் இருக்க வேண்டும். 50 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு போய் பவர் பட்டனை அழுத்துவது டவுன்டைமின் மோசமான வகை.

கூழைச் சூடாக்கி நிரப்பும் மெஷின்களின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்களை நான் தொடுவதில்லை. மெஷின் கொடுத்தவர் சோதித்துச் சொல்லாத அப்டேட்டை அதில் போட்டு, நடு ஓட்டத்தில் நின்றால் உள்ளே இருக்கிற கூழ் முழுக்க வீண். அதற்கு ஈடாக அவற்றுக்கு இன்டர்நெட் கிடையாது, தனி சுவிட்ச், ஆபீஸ் நெட்வொர்க்கோடு தொடர்பு கிடையாது, யூ.எஸ்.பி. துளைகள் அடைத்தாயிற்று. மெஷின்காரர் சர்வீஸுக்கு வரும் மாதங்களில் அவர் முன்னிலையில் அப்டேட்.

பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிற கம்ப்யூட்டரில் என்ன திட்டம் போட்டாலும் ரீஸ்டார்ட் நேரம் குறையாது. எஸ்.எஸ்.டி. மாற்றிய கம்ப்யூட்டர்களில் அரை மணி நேர வேலை சில நிமிஷமாகச் சுருங்கியது. வேறு எந்த உத்தியும் இந்த அளவுக்கு நேரத்தைக் குறைக்கவில்லை.

தர்மபுரியில் நான் பார்க்கும் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இதே முறைதான், நேரம் மட்டும் வேறு. காலை ஓ.பி. கூட்டம், சாயங்காலம் மறுபடி கூட்டம், நடுவில் மதியம் இரண்டரையிலிருந்து நாலு வரை பில்லிங் ஓய்ந்திருக்கும். லேப் மெஷினோடு பேசும் கம்ப்யூட்டர் அங்கே எடை மேடையின் இடத்தில் இருக்கிறது. அதையும் கடைசியில்தான் தொடுவோம், தொட்டதும் லேப் டெக்னீஷியன் ஒரு சாம்பிள் ஓட்டி ரிசல்ட் வருகிறதா என்று பார்ப்பார்.

இப்போது இரண்டு இடத்திலும் மீதமிருப்பது விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்கள். 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்த்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம், அவ்வளவுதான். பழையவற்றில் பலவற்றுக்கு விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, பிராசஸரும் பட்டியலில் இல்லை. மாற்ற வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு மேனேஜரிடம் கொடுத்திருக்கிறேன். எடை மேடையின் இரண்டு கம்ப்யூட்டரும் முதல் இரண்டு வரியில் இருக்கின்றன. மாமரம் பூக்கும் மாதத்துக்குள் வாங்கிவிட்டால், காய் வருவதற்கு முன் சாப்ட்வேர்காரரை வரவழைத்துக் காம் போர்ட், பிரிண்டர், எழுத்துரு எல்லாவற்றையும் நிதானமாகச் சோதிக்க நேரம் இருக்கும்.